இரண்டாம் எண் காற்று

முப்பத்தோராண்டு காற்றுக்கு எண் போட்டேன்,
வார்டோ தீவின் வானிலை நிலையத்தில்,
ஆறு மணிக்கொரு முறை, பென்சிலால்.
பூஜ்யம் என்றால் புகை நேராக ஏறும்.
எட்டு என்றால் எதிர்த்து நடப்பது பெரும்பாடு.
பன்னிரண்டை இருமுறை எழுதியிருக்கிறேன்;
அதில் ஒருநாள் நிலையத்தின் கதவு
எங்களைக் கேட்காமலே கடலுக்குப் போனது.
இரண்டுக்கு விதிப்புத்தகத்தில் ஒரே அடையாளம்:
முகத்தில் காற்று தெரியும்.

இரண்டை யார் மதித்தார்கள்?
இரண்டு என்றால் போர்வை உலர்த்தும் நாள்.

அறுபத்தெட்டாம் வயதில், மே மாதக் காலையொன்றில்
இரண்டு
என் இடது கன்னத்தில் வந்து உட்கார்ந்தது.
ஈரக்கையால் மின்கம்பியைத் தொட்டவர்களுக்குத் தெரியும்.
மற்றவர்களுக்குச் சொல்லி என்ன?
பத்து நொடி.
பிறகு, எதுவுமே நடக்காததுபோல் கடற்பறவைகள்.

பல் என்றார்கள்.
நல்ல கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கி
பஞ்சில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள்.
வலி அந்தக் காலி இடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுப்
பழைய அறைக்கே திரும்பியது.
"பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்" என்றார் ஹால்வார்,
ஆறுதலாகத்தான்.
பல்லைக் கடித்தால்தானே வருகிறது, மனுஷா.

முக்கிளை நரம்பு என்று
கிர்க்கெனஸ் மருத்துவமனையில் பெயர் சொன்னாள் டாக்டர் ஸுன்னிவா.
மரமே இல்லாத தீவு எங்களுடையது.
கிளை மட்டும் எப்படியோ எனக்கு முளைத்திருந்தது.

வெள்ளை மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று.
முகம் அடங்கியது.
சூப்பைச் சூடாகவே குடித்தேன்.
ஹால்வார் அந்தக் கன்னத்தில், அனுமதி கேட்டுவிட்டு,
திருடனைப்போல ஒரு முத்தம் வைத்தார்.

நாலு வருடம்.
மாவு டப்பா இருக்கும் தட்டு மேலே போய்க்கொண்டே இருந்தது.
வீட்டின் மேல்தான் சந்தேகப்பட்டேன்.

நவம்பரில், துறைமுகச் சரிவில்,
மாத்திரையை மறந்த ஒரு மதியம்:
கன்னத்தைப் பிடிக்கப் போன கை
கைப்பிடியை விட்டது.
அவ்வளவுதான் நடந்தது.
மணிக்கட்டு முறிந்தது கேட்டது.
முதுகில் ஓர் எலும்பு நசுங்கியது கேட்கவில்லை.
மல்லாந்து கிடந்தபோதும்
கன்னத்தின் மேல் மட்டும் கையை வைத்திருந்தேனாம்,
முறிந்த கையை.

எலும்பின் அடர்த்தி, மைனஸ் மூன்று புள்ளி ஒன்று.
"ஜனவரியில் மைனஸ் மூன்றா? நல்ல நாளாயிற்றே" என்றேன்.
ஸுன்னிவா சிரிக்கவில்லை.
எலும்பு கரைகிறவர்களிடம் இந்த முகவலி
கொஞ்சம் அதிகமாகத் தென்படுவதாகச் சிலர் எழுதுகிறார்களாம்.
யார் யாரை அழைத்து வந்தார் என்று தெரியாதாம்.
தெரிந்தது ஒன்று:
முகத்தைக் காக்கும் அந்த வெள்ளை மாத்திரை
நாளடைவில் எலும்பில் கை வைக்கும்.

சொல்லியிருக்கலாம் என்றேன்.
சொன்னேன் என்றாள். சொல்லியிருப்பாள்.
வலியில் இருக்கிறவளுக்கு
"நாளடைவில்" என்பது அடுத்த தெருவில் யாரோ இறந்த செய்தி.

இப்போது சனிக்கிழமைதோறும் எலும்புக்கொரு மாத்திரை.
விழுங்கி அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கவேண்டும்.
நாலு சென்டிமீட்டர் குறைந்துபோனவளுக்கு
நிமிர்ந்திரு என்று கட்டளை.
ஜன்னலுக்கு நேராக உட்கார்கிறேன்.
வெளியே ஹால்வார் விரலை எச்சில்படுத்தி உயர்த்துகிறார்.
வாழ்நாளெல்லாம் மீன் ஏற்றியவர்,
காற்றுக்கு எண் போடக் கற்றது போன வருடம்தான்.
கண்ணாடி வழியே விரல் காட்டுவார்:
ஒன்று என்றால் நடக்கப் போவோம்.
மூன்று என்றால் சீட்டாட்டம்.

இன்று இரண்டு விரல் காட்டினார்.
என் முகத்தைப் பார்த்தார்.
ஒன்றை மடக்கிக்கொண்டார்.

பொய்.
கொடிக்கயிறு கம்பத்தில் தட்டும் சத்தம்
இங்கே எனக்குக் கேட்கிறது.
நோட்டில் 2 என்று எழுதிவிட்டு
கம்பளித் துணியை எடுக்கிறேன்,
இடது பக்கம் இரண்டு சுற்று.